நடுவில் ஒரு காலி நாற்காலி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணன், யார் உதவியும் இல்லாமல், தன் கையாலேயே எழுதிக்கொள்வது. முதலில் இந்தக் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். நாற்பது வருஷம் நூல் பிடித்துச் சுவர் எழுப்பிய கொத்தனார் எழுதும் வரி இப்படியா சாயும் என்று நீ சிரிப்பாய். காகிதத்திலும் நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் நேராகத்தான் நிற்கிறது, எழுத்துதான் இறங்கிப் போய்விடுகிறது. இதுவரை எழுதியதற்கே காலையிலிருந்து மத்தியானம் ஆகிவிட்டது. உன் அண்ணி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். ஆனால் ஒன்று, நான் முதன்முதலாகத் தனியாகக் கட்டிய வீட்டுக்குக் கூரை போட்ட அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் தையல் மிஷினும் சுகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் வீட்டில் ஆறாவது குடும்பப் படம் எடுக்கிறோம். நீ வர வேண்டும். முதல் படத்தன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்று காலையில் நான் தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்திருந்தேன். பிறகு அந்தப் போட்டோக்காரர் என்ன செய்வார், பாவம்? உன் வெள்ளைத் தலையைப் பார்த்து, "பெரியவரே, நீங்க நடுவுல நாற்காலியில உட்காருங்க"ன்னார். என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க பின்னால நில்லுங்க"ன்னார். நீயும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாய். மூன்று வயது மூத்தவன் நான் நிற்கிறேன், நீ உட்கார்ந்திருக்கிறாய். எனக்குப் பொறுக்கவில்லை. "எழுந்திருடா, தையல்காரன் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தவன்தானே, ஒரு நாள் நின்னா என்ன கெட்டுப்போச்சு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். நீ எழுந்தாய். "இனிமே உன் படத்துல என்னைத் தேடாதண்ணே"ன்னு சொல்லிட்டு நடந்தாய். அந்த நேரம் பார்த்து அந்த மனுஷன் பொத்தானை அமுக்கிவிட்டார். அதனால் முதல் படத்தில் நடுவில் காலி நாற்காலி, வலது ஓரத்தில் உன் முழங்கை.

பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க வருஷம் ஒரு படம் என்று என் மகன் சொன்னபோது நான் ஒரு சட்டம் போட்டது உனக்கு நினைவிருக்கும். சுவர் எவ்வளவு உயர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் நட்ட கம்பு நகரக் கூடாது. அதனால் பிள்ளைகளைத் தவிர எதுவும் மாறக் கூடாது. அதே மாதம் முதல் ஞாயிறு, அதே சுவர், அதே உடுப்பு, ஆளுக்கு அதே இடம். அந்தச் சட்டம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பார். இரண்டாம் வருஷம் போட்டோக்காரரின் மூன்றுகால் தாங்கி சாய்ந்திருக்கிறதா என்று நான் ரசமட்டம் வைத்துப் பார்க்க, "ஐயா, நான் படம் எடுக்க வந்தேனா, பாலம் கட்ட வந்தேனா?"ன்னு அவர் கேட்க, மருமகள் குறுக்கே வந்து, "மாமா, நாற்காலியில யார் உட்காரணும்?" என்றாள். நான் முதல் படத்தைப் பார்த்தேன். நாற்காலி காலி. போட்ட சட்டத்தை நானே மீறலாமா? "யாரும் வேண்டாம்மா, போன வருஷம் மாதிரியே இருக்கட்டும்" என்றேன். உன் அண்ணி விடுவாளா? "அப்போ உங்க தம்பியோட முழங்கைக்கு எங்க போறது?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் நான் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தி முழங்கையை மட்டும் நீட்டச் சொல்லிவிட்டேன். நாலு வருஷமாக அவர்தான் உனக்குப் பதில். ஒவ்வொரு தடவையும் முகத்துக்குப் பவுடர் போட்டுத் தலை வாரிக்கொண்டு வருகிறார். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலாம் வருஷம் பேத்தி வாயாடிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. முதல் படத்தில் பல் தெரியச் சிரித்திருக்கிறாளே, பல் முளைத்தபிறகு எடுக்கலாம் என்றேன். "பல்லுக்கு நாள் குறிக்கிற ஒரே ஆள் நீங்கதான்"ன்னு உன் அண்ணி முறைத்ததில் அன்றைக்கே எடுத்தோம். கைக்குழந்தையாக மடியில் இருந்த சின்னவன் உருண்டைக்கு இப்போது ஐந்து வயது. சட்டப்படி இன்னும் அம்மா மடியில்தான் உட்கார வேண்டும். போன படத்தில் அவனுக்குப் பின்னால் மருமகளின் ஒரு காது மட்டும்தான் தெரிகிறது. பெரியவன் நெட்டையின் கதை இன்னும் மோசம். ஆறு வயதில் அவனுக்கு நீ தைத்துக் கொடுத்த நீலச் சட்டை, உள்ளே மூன்று விரல் துணி மடித்து விட்டிருந்தாயே, மருமகள் வருஷா வருஷம் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து விட்டாள். போன வருஷம் பிரிக்க மடிப்பு இல்லை, தொப்புள் தெரிகிறது. போட்டோக்காரர், "மூச்சை உள்ள இழுத்துப் பிடிப்பா"ன்னார். பிடித்தான். பக்கத்தில் நின்ற வாயாடி, "அண்ணா, உன் சட்டைக்கு மூச்சு முட்டுதாம்"னு காதில் சொன்னாள். அவன் சிரித்தான், பொத்தான் பறந்து போய்ப் போட்டோக்காரர் நெற்றியில் விழுந்தது. "அடுத்த வருஷம் ஹெல்மெட் போட்டுக்கிட்டு வரேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து படமும் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் நாற்காலியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "யார் தவறிட்டாங்க?" என்று கேட்கிறார்கள். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டே விட்டார். "தவறலப்பா, கோபமா இருக்கான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதையாவது பொறுத்துக்கொண்டேன். போன மாதம் உருண்டை முதல் படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "தாத்தா, சின்னத் தாத்தாவுக்கு முகம் உண்டா, முழங்கை மட்டும்தானா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுபத்தொன்று, உனக்கு அறுபத்தெட்டு. குழாய்க்காரர் கும்பிட்டது என்றைக்காவது ஒரு நாள் சரியாகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல மருமகள் எழுதியது. ஒவ்வொரு தடவையும் மனதில் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவளை உட்கார வைப்பேன். அவள் பேனாவைத் திறந்து, "சொல்லுங்க மாமா" என்பாள். மருமகளுக்கு எதிரில் எப்படிச் சொல்வது? "எல்லோரும் சுகம்னு எழுதும்மா" என்று சொல்லி எழுந்துவிடுவேன். அதனால்தான் நூலகத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். முதலில் என்ன வார்த்தை எழுதக் கற்றுக்கொள்ள ஆசை என்று ஆசிரியை ஒவ்வொருவரையும் கேட்டார். மற்றவர்கள் அவரவர் பெயரைச் சொன்னார்கள். நான் வேறொரு வார்த்தையைச் சொன்னேன். அதைக் கற்றுக்கொள்ளப் பதினொரு நாள் ஆயிற்று. இவ்வளவு கஷ்டமான வார்த்தை என்று முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்குச் சண்டையே போட்டிருக்க மாட்டேன். இதோ எழுதுகிறேன்:

மன்னித்துக்கொள்.

சாயவில்லை பார். நாற்காலி உன்னுடையது. நீ உட்கார், நான் பின்னால் நிற்கிறேன். மை அடிக்கவில்லை, முழுக்க வெள்ளை. நெட்டைக்குப் புதுச் சட்டை நீயே தைத்து எடுத்து வா, சட்டத்தை ரத்து செய்துவிட்டேன். அளவு மட்டும் தாராளமாக வை.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசீர்வாதம், உனக்கு இரண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நாற்காலி சம்பந்தப்பட்டதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. கடிதத்தை முடித்த சந்தோஷத்தில், உனக்குக் கொடுத்த பொருளாயிற்றே, கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்போம் என்று போய் உட்கார்ந்தேன். ஐந்து வருஷமாக யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்ததில் உள்ளே கரையான் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. நாலு காலும் நாலு திசையில் போய்விட்டது. எனக்கு இடுப்பில் லேசான வலிதான். உன் அண்ணி ஓடி வந்து பார்த்து, "நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் நில்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போய்விட்டாள். ஆகவே இருவரும் நிற்கிறோம். எலக்ட்ரீஷியனிடம் இன்னும் சொல்லவில்லை, அதை நீ வந்து சொல். வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன், அதற்கடுத்த வாரமும் எழுதுவேன். இந்தக் கையெழுத்தை வாரா வாரம் படிப்பதைவிட, வந்துவிடுவது உனக்குச் சுலபம்.