மாடு கேட்ட கச்சேரி

பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்கள் சீக்கிரமே நாலு பேர் முன்னால் பாடிவிட வேண்டும் என்பார்கள். கூச்சம் போகும், குறை தெரியும் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே சாயங்காலத்தில் நடந்தன. அத்தோடு பாட்டும் போய்விட்டது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டம். ரேடியோ எட்டிப்பார்க்காத முப்பதுகள். சனிக்கிழமைகளில் பஜனை மடத்துக்கு வரும் பாகவதரிடம் ஒரே ஒரு கீர்த்தனை படித்திருந்தேன். (துண்டை மட்டும் அதற்குள் அங்கவஸ்திரமாகப் போடத் தொடங்கியிருந்தேன்.) பாலக்காட்டில் தங்கி முறையாகப் படிக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அய்யனிடம் கேட்டேன். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்.

"மாரியாத்தா நோம்பிக்குப் பாடு. கேக்கற மாதிரி இருந்தாப் போலாம். இல்லீன்னா தோட்டத்தப் பாரு" என்றார்.

சாதகம் செய்ய எனக்குத் தனி நேரம் ஏது? கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டும்போதுதான் பாடுவேன். மாடுகள் சரிவில் இறங்கித் தண்ணீர் நிறைந்த தோல்பறியை இழுக்கும்போது பல்லவி விறுவிறுவென்று போகும். நாக்கைச் சொடுக்கி அவற்றைப் பின்னுக்கு நடத்தி மேட்டில் ஏற்றும்போது அடுத்த வரி ஆமையாக நகரும். தாளம் என்றாலே இப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நோம்பித் திருவிழா அன்றும் கோயில் முன்னால் அப்படியே பாடினேன். பாகவதர் கண்ணை மூடிக்கொண்டார் (பக்தியில் அல்ல). அவரோடு வந்திருந்த மிருதங்கக்காரர் முதலில் மிரண்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஏதோ பிடிபட்டது. நான் ஓடினால் அவரும் ஓடினார். நான் தயங்கினால் எனக்காகக் காத்திருந்தார். மாடுகளுக்கு மட்டுமே பாடிப் பழகியவனுக்கு அது எவ்வளவு பெரிய சுகம்! என்னை மறந்தேன். வரி முடிந்ததும் வழக்கம்போல் நாக்கைச் சொடுக்கினேன்.

கூட்டத்தின் ஓரத்தில் எங்கள் வண்டி நின்றிருந்தது. சீக்கிரம் வீடு திரும்பும் யோசனையில் அய்யன் கவலை ஓட்டும் அதே மாடுகளை அவிழ்க்காமல் அதிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சொடுக்கு காதில் விழுந்ததும் இரண்டு மாடுகளும் ஒழுங்காகப் பின்னுக்கு நடந்தன. பின்னால் இருந்த பானகப் பந்தலுக்குள் போய்த்தான் வண்டி நின்றது. பானைகள் உடைந்தன. அய்யன் தலையிலிருந்து பானகம் ஒழுக எழுந்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: "மாட்ட நல்லாப் பழக்கியிருக்கற சாமி. பாட்டு வேண்டாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தையைக் கொஞ்சுவதுபோல் சொன்ன அந்த 'சாமி'தான் என்னை அழவைத்தது.

இன்றும் நான் ஏதாவது முணுமுணுத்தால் என் மனைவி பேரன்களிடம், "தாத்தா பாடறாங்க, வண்டிச் சக்கரத்துக்குக் கல்லு வைங்கடா" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் எங்காவது கச்சேரியில் மிருதங்கம் பாடகருக்காக ஒரு கணம் காத்து நின்றால் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். பாடச் சொல்லி அதன்பிறகு யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் இன்றைக்கும் பாடுவேன். முதலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வரச் சொல்வேன்.