நாற்பத்தைந்து டிகிரி கை வாகு

பாடாலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இலக்கியா அக்காவுக்கு,

உன் சித்தி மகள் பிரியா எழுதுவது. இங்கே ஊசிகளைத் தவிர எல்லோரும் நலம்.

முதலில் நான் கவனித்ததைச் சொல்கிறேன். எங்கள் ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷினில் தைக்கும் ஆண்டாயி அக்கா, ஒவ்வொரு ஜோடிக்கு முன்பும் மெஷினை நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு, அதே விரலால் ஊசியை ஒரு தடவு தடவுவார். தலை முழுக்கத் தேங்காய் எண்ணெய். அவர் ஊசி உடைந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு நாளுக்கு மூன்று உடையும். நானும் அதேபோல் தடவிப் பார்த்தேன், உடைவது நின்றுவிட்டது. தான் அப்படிச் செய்வது ஆண்டாயி அக்காவுக்கே தெரியாது. நானும் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இத்தனை நாள் உங்கள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எப்படிச் சொல்வது?

அப்போதுதான் சுரேஷ்குமார் சார் வந்தார். சென்னைக்காரர். நீ படிக்கும் அதே எம்.பி.ஏ. "உங்க ஒவ்வொருத்தர் தலையிலயும் அறிவு இருக்கு, அதை வெளிய எடுக்கிறதுதான் என் வேலை" என்று சனிக்கிழமைதோறும் கூட்டம் போட்டார். "உங்களுக்கு மட்டும் ஊசி உடையறதில்லையே, என்ன ரகசியம்?" என்று ஆண்டாயி அக்காவைக் கேட்டார். "அது கை வாகுங்க சார்" என்றார் அவர். சார் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை ஒருவர் பள்ளிக்கூடப் பாகைமானியோடு வந்து ஆண்டாயி அக்காவின் முழங்கையை அளந்தார். செவ்வாய்க்கிழமை சுவரில் படம்: கை வாகு, நாற்பத்தைந்து டிகிரி. நாற்பது பெண்களும் முழங்கையைத் தூக்கிக்கொண்டு தைத்தோம். "இன்னும் ரெண்டு நாள் போனா பஸ்ஸே வேணாம்டி, பறந்தே வூட்டுக்குப் போயிடலாம்" என்றார் வளர்மதி அக்கா.

அடுத்து யோசனைப் பெட்டி வைத்தார்கள். நல்ல யோசனைக்கு ஹாட்பாக்ஸ் பரிசு. அதுவரை "ஏ, நூலை இந்தப் பக்கமா சுத்து" என்று ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கேட்டால், "பெட்டியில போட்டிருக்கேன்" என்கிறார்கள். பிறகு வெளிநாட்டு வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் எல்லோர் தலைக்கும் தொப்பி வந்தது. ஆண்டாயி அக்காவின் விரல் தொப்பியில் வழுக்கியது. ஊசி உடையத் தொடங்கியது. மெக்கானிக் மெஷினைப் பிரித்தார். கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். அதில் மெக்கானிக்கின் பைக் சறுக்கியது. ஊசி மட்டும் உடைந்துகொண்டே இருந்தது.

எனக்கு உடையவில்லை. தொப்பி வந்ததிலிருந்து நான் வீட்டிலேயே முழங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு போகிறேன்; கம்பெனிக் கோட்டின் கைக்குள் விரலை விட்டுத் தொட்டு ஊசியில் தடவிக்கொள்வேன். "உன் ரகசியம் என்னம்மா?" என்று சார் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து ஆண்டாயி அக்கா பேக்கிங்குக்காம். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும், சம்பளமும் குறைவு. அவர் மெஷின் எனக்காம். "எந்த மூதேவி கண்ணு பட்டுச்சோ, பிரியா" என்று என்னிடமே சொல்கிறார்.

அக்கா, உன் புத்தகங்களில் இதற்கு என்ன போட்டிருக்கிறது? செய்கிறவருக்கே தெரியாத ஒன்றை அவரிடமே கேட்டால் எப்படி வெளியே வரும்? பரிசு இல்லாதபோது பேசினவர்கள் பரிசு வந்ததும் ஏன் பேசுவதில்லை? பெட்டித் தாளில் 'படிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒன்பதாவது என்று எழுதினால் என் யோசனையையும் ஒன்பதாவதோடு நிறுத்திவிட மாட்டார்களா? அதனால் இந்த எண்ணெய் விஷயத்தை நீயே உன் பெயரில் இங்கிலீஷில் எழுதி கம்பெனிக்கு அனுப்பு. என் பெயர் வர வேண்டாம். சார் எதிரில் நின்று பேச இந்த ஜென்மத்தில் என்னால் ஆகாது.

பெரியப்பா, பெரியம்மா காலில் விழுந்து கும்பிட்டதாகச் சொல். உன் பரீட்சைக்காக அம்மா திருமழபாடிச் சிவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நீயும் கொஞ்சம் படி.

உன் தங்கை,
சண்முகப்பிரியா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. நீ ஒன்றும் எழுத வேண்டாம். காலையில் ஆண்டாயி அக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பேக்கிங் பக்கம் நடந்தார். நான் சார் அறைக்குப் போனேன். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டு, மேஜையிலிருந்த, யாருக்கு எந்த மெஷின் என்ற பட்டியலில் என் பெயர் மேல் எண்ணெய் முழங்கையை அழுத்தி வைத்தேன்.