மூடியர் சொல்லாத தீர்ப்பு

ஒரு போத்தலில் ஒரு மூடிக்கு மேல் குடிக்காமல், பெரிய குடிகாரன் என்று பெயரெடுத்த ஒரே மனிதர் இந்த மட்டக்களப்பில் மூடியர்தான். போத்தலைத் திறப்பார், மூடியைக் கவிழ்த்துப் பிடிப்பார், விளிம்பு வரை ஊற்றுவார், கண்ணை மூடிக்கொண்டு வாயில் விடுவார். அவ்வளவுதான். மிச்சம் போத்தல்காரருக்கு. அவர் எதிர்பார்க்கும் கூலி இரண்டு இறால் பொரியல்.

நாவற்குடாவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவருடைய தொழில். ஊரையே எழுப்பும் பெட்டிகளைக் கட்டுகிறவர் வாயைத் திறந்தால் பக்கத்துக் கதிரைக்குக்கூடக் கேட்காது. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் முதல் ஆளாகப் போய், கடைசி ஆளாக வயர் சுருட்டிக்கொண்டு வருகிறவர் என்பதால், யார் யாருக்கு எதை ஊற்றுகிறார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவருடைய மதிப்பீடும் அங்கிருந்துதான் வந்தது. "பந்தல்காரனுக்குக் காணும்" என்றால் கடைசித் தரம். அதற்கு மேலே "மாப்பிள்ளைட கூட்டாளிமாருக்குக் காணும்". அதற்கும் மேலே "சம்மந்திக்குக் காணும்". உச்சத்தில் ஒன்று உண்டு: "ஒளிச்சி வைங்க." நான் அறிய அந்த வார்த்தையை அவர் எந்தப் போத்தலுக்கும் சொன்னதில்லை.

ஒருமுறை ஒரு வங்கி முகாமையாளர் வெல்வெற் பையில் போட்ட ஸ்கொச் ஒன்றைக் கொண்டுவந்து, இதன் விலை தெரியுமா என்று தொடங்கினார். மூடியர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"விலையைச் சொல்லாதீங்க சேர். காதால விலை போனா நாக்கு பொய் சொல்லும்."

சுவைத்தார். பையைத் தடவிப் பார்த்தார்.

"பை சம்மந்திக்குக் காணும்."

"சாமான்?"

"பந்தல்காரன் ஒண்டும் சொல்ல மாட்டான்."

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் குடும்பத்தின் பிணக்கு ஒன்று தீர்ப்புக்குப் போனது. ஊரே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் என்று சிலர் சொல்வது தவறு. வரிசைகள் ஓய்ந்ததற்கு அடுத்த வருடம், மண்டூர்க் கோயில் தீர்த்தம் முடிந்த கிழமை.

என் மனைவிக்கு இரண்டு சகோதரர்கள். மூத்தவர் தங்கராசா இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். இளையவன் ஜெகன் கனடாவில். கொரோனாக் காலத்தில் இவர்களுடைய தகப்பனார் இறந்தபோது விமானம் இல்லை. ஜெகன் தொலைபேசியில், "அண்ணன், சடங்கைப் படம் எடுத்து அனுப்புங்க" என்று கேட்டான். "இஞ்ச சினிமாவா ஓடுது?" என்று தங்கராசா போனை வைத்தார். பிறகு இருவரும் பேசவே இல்லை.

தீர்த்தம் முடிந்த அந்தக் கிழமைதான் ஜெகன் வந்து எங்கள் வீட்டில் தங்கினான். கையில் ஒரு போத்தல். பேர்பனும் ரையும் கலந்த அமெரிக்க விஸ்கி. அண்ணனிடம் அதைக் கொடுத்துச் சமாதானமாகிவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று நின்றான். விமானமோ ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி தூது போனாள். வந்த பதில் இதுதான்:

"போத்தலைக் காட்டி என்னை வாங்கேலாது. அது பந்தல்காரனுக்கா, எனக்கா எண்டு மூடியர் குடிச்சிப் பார்த்துச் சொல்லட்டும்."

தங்கராசா அதை நக்கலாகத்தான் சொன்னார். என் மனைவி அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டு, வரும் வழியிலேயே மூடியருக்கும் சொல்லிவிட்டாள்.

வியாழன் மாலை மூடியர் வந்தார். தங்கராசாவும் வந்தார், ஆனால் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை, படலைக்கு வெளியே காலூன்றி நின்றார். நான் முதல்நாளே புத்தகம் பார்த்து வைத்திருந்ததால், பேர்பன் சோளத்தில் வடிப்பது, உள்ளே கருக்கிய புது மரப் பீப்பாயில் வளர்வது, ரை என்பது கோதுமைக்கு உறவான ஒரு குளிர்தேசத் தானியம் என்றெல்லாம் விளக்கினேன். மூடியர் இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மூடி ஊற்றி வாயில் விட்டு, வெகுநேரம் கழித்து விழுங்கினார்.

"முதல்ல வட்டிலாப்பம்" என்றார். "காத்தான்குடி வட்டிலாப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் நல்ல சக்கரையும். மறுகா மிளகு ரசம்."

ஜெகனின் முகம் விழுந்தது. "அப்ப சாமான் கூடாதா?"

"கூடாதெண்டு ஆரு சொன்ன? ரெண்டும் நல்ல சாமான். ஒண்டோட ஒண்டு இன்னும் கதைக்கல்ல. கொஞ்சம் காத்துப் படட்டும். நாளைக்கு வாறன்."

திறந்த போத்தலில் ஒரு நாளில் ஒன்றும் மாறாது என்று நான் வாசித்திருந்தேன். இறால் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"இதுக்குத்தானா நான் மினக்கெட்டு வந்த?" என்று கேட்டுக்கொண்டே தங்கராசா வண்டியைக் கிளப்பினார்.

வெள்ளி மாலை வண்டி முற்றத்துக்குள் வந்தது. தங்கராசா ஒரு கதிரையில், தம்பிக்கு முதுகைக் காட்டி இருந்தார். மூடியர் அதே போத்தலில் இரண்டாவது மூடி ஊற்றினார். ஒரு போத்தலுக்கு ஒரு மூடி என்ற விதி எங்கள் முற்றத்தில்தான் உடைந்தது. போத்தலைத் திருப்பிப் பார்த்து, இதற்கு எத்தனை வயது என்று என்னிடம் கேட்டார். கலந்த விஸ்கிக்கு வயது போட்டால், அதில் ஆக இளையது எதுவோ அதன் வயதைத்தான் போட வேண்டும் என்றேன்.

மூடியர் யோசித்தார். "அப்ப ஒரு வீட்டில ஆகச் சின்னவன்ட வயசுதான் முழு வீட்டுக்கும் வயசா?"

"அதுதான் இந்த வீட்டுக்கு இன்னும் புத்தி வரல்ல" என்றார் தங்கராசா, மதிலைப் பார்த்து.

ஜெகன் சிரித்துவிட்டான். தங்கராசா திரும்பவில்லை. ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். தீர்ப்பு மறுபடி ஒத்திவைக்கப்பட்டது.

சனி மாலை மூன்றாவது மூடியும் போன பிறகு, "ரசம் கொஞ்சம் இறங்கி வருது" என்று மூடியர் தொடங்கினார். தங்கராசா பொறுமை இழந்தார்.

"இவர் மூடியால குடிச்சி முடிக்கிறதுக்குள்ள நாங்க கிழவனாகிருவம். கிளாஸைத் தா புள்ள" என்று தங்கையிடம் வாங்கி, தானே ஊற்றி, ஒரே மடக்கில் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"கொஞ்சம் தண்ணி விட்டுக் குடிங்க அண்ணன்" என்றான் ஜெகன்.

தங்கராசா கிளாஸை அவன் பக்கம் நீட்டினார். அவன் தண்ணீர் ஊற்றினான். இன்னொரு வாய் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எதையோ தேடினார்.

"படம் கேட்டாய்தானே. இந்தா."

அவர் போனை வைத்துவிட்டாரே தவிர, அன்று சடங்கு முழுவதையும் தானே போனில் வீடியோ எடுத்திருக்கிறார். மூன்று வருடம் சட்டைப் பையில் கிடந்திருக்கிறது.

"அனுப்ப மனம் வரல்லடா. கோவம்."

போனை ஒரு கதிரையில் வைத்து, இருவரும் அதன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். போனிலிருந்து காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"அண்டைக்குக் கொரோனா எண்டு என்ட ஸ்பீக்கர் பெட்டியக் கட்ட விடல்ல" என்றார் மூடியர், மெதுவாக. "கட்டியிருந்தா உங்கட அப்பாவ நல்லா அனுப்பியிருப்பன்."

வயர் சுருட்டி முடித்த ஆளைப் போல எழுந்து, சொல்லாமல் போய்விட்டார். தீர்ப்பை யாரும் கேட்கவில்லை. அவர் வேண்டுமென்றே மூன்று நாள் இழுத்தாரா என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். எனக்குத் தெரியாது. அவருக்கு வட்டிலாப்பம் பிடிக்கும், அது தெரியும்.

ஞாயிறு காலை ஜெகன் போன பிறகு முற்றத்தைக் கூட்டும்போது பார்த்தேன். போத்தல் இருந்தது, மூடியைக் காணவில்லை. அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில் மூடியர் குனிந்து வயர் இழுத்தபோது, சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்த அந்த மூடி தெரிந்தது. நான் பார்த்ததைக் கண்டதும் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

போத்தல் மூடியில்லாமல் இன்னும் என் அலுமாரியில் நிற்கிறது. கேட்டால் மூடியைத் தந்துவிடுவார். நான் கேட்கவில்லை.