கிளாம்ப் மீட்டரோடு பெண் பார்க்கப் போனேன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பது வயது வரை வாய் வந்ததே இல்லை. அந்த வியாதிக்கு வைத்தியம் நடந்தது கல்லாவியில், ஒரு போர்வெல் பக்கத்தில், பெண் பார்க்கப் போன இடத்தில்.

அப்போது ஜூஜுவாடியில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் இருந்தேன். (தரகரிடம் அம்மா சொன்னது, எலக்ட்ரிகல் இன்ஜினியர்.) மெயின்டனன்ஸுக்கு மாறியே தீருவது என்ற வைராக்கியத்தில் ஓசூர் போய் ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். ஒயரை வெட்டாமல், வாயைத் திறந்து கவ்வவிட்டால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். சின்ன வாய் போதும், பேனல் சந்தில் சுலபமாக நுழையும் என்றார் கடைக்காரர். நான் கேட்பேனா? முழு கேபிளையும் ஒரே கவ்வில் பிடிப்பதற்காக, இருப்பதிலேயே பெரிய வாயாக எடுத்தேன்.

கல்லாவியில் பெண் வீட்டில் கொடுத்த காபி ஆறுவதற்குள் பெண்ணின் அப்பா அந்தோணி, போர் மோட்டார் ஓடி ஓடித் தானாக நின்றுவிடுகிறது, தக்காளி வாடுகிறது என்று வருத்தப்பட்டார். எங்க பையன் பார்த்துவிடுவான் என்றார் அம்மா. மீட்டர் பையிலேயே இருந்தது. (பெண் பார்க்கப் போகிறவன் பையில் அது ஏன் என்று கேட்காதீர்கள்.)

மோட்டாரைப் போட்டார்கள். தொட்டியில் தண்ணீர் கொட்டியது. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து இறங்கும் கேபிளை மொத்தமாகக் கவ்வவிட்டேன். பூஜ்யம்.

"மோட்டாருக்குக் கரண்டே போகலைங்க."

"தண்ணி கொட்டுதே தம்பி," என்றார் அந்தோணி.

"பைப்புல தேங்குனதுங்க. நின்னுடும்."

நிற்கவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து என் புது ஷூவுக்குள் போனது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மீட்டரைப் பிடித்தபடி நின்றேன். அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்து மரியாதையாக வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் பெண்ணே வந்தாள். ஸ்டெல்லா.

"மூணு ஒயரையும் சேத்துப் புடிச்சா ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி பூஜ்யம்தான் காட்டும்ங்க. ஒத்த ஒயரைப் புடிக்கணும்."

பெட்டியைத் திறந்து, என் மீட்டரின் ராட்சச வாயைச் சிரமப்பட்டு உள்ளே நுழைத்து, ஒவ்வொரு ஒயராகப் பிடித்தாள். இரண்டில் நிறைய ஓடியது, மூன்றாவதில் ரொம்பக் குறைவு. மெயினை அணைத்துப் பார்த்தால், அந்த ஒயரின் திருகு தளர்ந்து கருகியிருந்தது. சுரண்டி முடுக்கினாள். அப்புறம் மோட்டார் நிற்கவே இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங்தான் அவள் வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

கிளம்பலாம் என்று அம்மா கண்ணைக் காட்டினார். எனக்கோ, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிடம்தான் உறுதியாகியிருந்தது. கட்டிக்கொள்ளும் தகுதி ஐந்து நிமிடம் முன்பு போயிருந்தது. இருந்தாலும் ஈர ஷூ சப்தம் போட அவளிடம் போனேன்.

"அவ்ளோ நேரம் ஏன் புடிச்சிக்கிட்டு நின்னீங்க?" என்று அவளே கேட்டாள்.

"தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க."

அவள் சிரிக்கவில்லை. "இனிமே சொல்லுவீங்கன்னா எனக்குச் சம்மதம்."

கல்யாணமாகி ஏழு வருடம். இன்றைக்கும் கல்லாவியில் நான் சாப்பிட உட்கார்ந்தால், மாமனார் சொம்பை முன்னால் வைத்துவிட்டு, "மாப்ள, இதுல தண்ணி இருக்குதா, மீட்டர் போட்டுச் சொல்லுங்க," என்பார்.

"தெரியல மாமா, உங்க பொண்ணைக் கேளுங்க," என்பேன்.