கேரட் பெரிதா, பீட்ரூட் பெரிதா?

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் உயிரோடும் நலமாகவும் இருக்கிறோம். வழக்கமான வரிதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள்; நேற்றுக் காலை வரை இதை எழுத எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

எல்லாம் நீங்கள் வந்து போன அன்று சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. "கேரட்டுல சத்து அதிகமா, பீட்ரூட்டுலயா?" என்று சும்மா ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நீங்கள் கை கழுவப் போய்விட்டீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் என்ன சொல்வேன்? கண்ணுக்குக் கேரட்தான் என்றேன். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற உங்கள் அக்கா விடுவாளா? "மூச்சுப் பிடிக்கணும்னா பீட்ரூட்தான். உங்க கேரட்டை முயலுக்குப் போடுங்க" என்றாள். சாப்பிட்டே நிரூபிப்பது என்று ஆளுக்கொரு பக்கம் இறங்கினோம். வாடிக்கையாளர் காதில் கண்ணாடி மாட்டும்போதுகூட என் வாய் கேரட்டை அரைத்துக்கொண்டே இருந்தது; அவள் பீட்ரூட்டைக் கடித்துவிட்டு விசில் ஊதியதில் அந்தச் சிவந்த வாயைப் பார்த்துப் பிள்ளைகள் கரையேறவே பயந்தார்களாம். இப்படிப் போகையில் ஒருநாள் கடைக்கு வந்த அம்மாள், "என்ன சார், கை இப்படி மஞ்சளா இருக்கு?" என்றார். பார்த்தேன். உள்ளங்கை மஞ்சள், பாதம் மஞ்சள். ஈரல் போய்விட்டது, பின்னாலேயே நாமும் போகப்போகிறோம் என்று முடிவுகட்டி, அக்கா தாங்கமாட்டாளே என்று வீட்டில் கையுறை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். அவள் பாராட்டவில்லை, என்னையே பார்த்துக் கண் கலங்கினாள். தெரிந்துவிட்டதோ என்று கையுறையை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, கையுறையோடே திருட்டுத்தனமாக டாக்டரம்மாவிடம் போனால், அங்கே எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் அக்கா!

"நீ எங்க இங்க?"

"நீங்க எங்க இங்க?"

அடுத்த நொடி என் தோளில் சாய்ந்து அழுதாள். "சொன்னா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லலைங்க. ஒண்ணுக்குப் போனா ரத்தமா போகுது." நான் கையுறையைக் கழற்றிக் காட்டினேன். இருவரும் கட்டிக்கொண்டு அழுததில், பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தவர் இருமலை மறந்துவிட்டார்.

டாக்டரம்மா என் கண்ணை விரித்துப் பார்த்தார், அக்காவின் சிறுநீரைச் சோதித்தார், பிறகு, "ரெண்டு பேரும் அப்படி என்னதான் சாப்பிடறீங்க?" என்றார். சொன்னோம். சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு சார், காமாலை இல்ல. கேரட் நிறம் தோல்ல ஏறியிருக்கு. அம்மாவுக்குப் போறதும் ரத்தம் இல்ல, பீட்ரூட் சாயம். விட்டமின் ஏ கேரட்ல ஜாஸ்தி, ஃபோலேட் பீட்ரூட்ல ஜாஸ்தி, நார்ச்சத்து ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். ரெண்டையும் அளவா சாப்பிடுங்க. முக்கியமா, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குங்க."

வீடு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்ததில்லை. இனி இந்த வீட்டில் எந்தக் காய்க்கும் கட்சி கிடையாது என்று இருவரும் சத்தியம் செய்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், அவரவர் சொந்த நிறத்தில் நீடூழி வாழ ஆசிகள்.

அன்புடன்,
அத்தான்

பி.கு.: இரும்புச்சத்து எதில் அதிகம் என்று டாக்டரம்மா சொல்லவேயில்லை. பீட்ரூட்டில்தான் என்று அக்கா இப்போதுதான் சமையலறையிலிருந்து மெல்ல ஆரம்பிக்கிறாள். நன்றாக விசாரித்து, கேரட் என்றால் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். பீட்ரூட் என்றால் கடை முகவரிக்கு.