பேய் நீக்கப்பட்ட பேய்ப்படம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தமிழ்ப் பிள்ளை அலறாமல் தூங்குகிறது என்றால், அந்தப் புகழ் முழுவதும் பிரிக்பீல்ட்ஸ் 'பெற்றோர் திரைப்பட வழிகாட்டிக் குழு'வையே சேரும். குழுவின் செயலாளரான நானே சொல்வதால் இதில் சந்தேகம் வேண்டாம்.

சென்ற மாதம் பூச்சோங் இயக்குநர் பிரவின் ஒரு மர்மப் பேய்ப்படத்தோடு வந்தார். இரண்டு வருட உழைப்பு. கதை இதுதான்: ஒருத்தி செத்துப்போகிறாள். மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள் என்கிறான் கணவன். ஊர் தலையாட்டுகிறது. செத்தவளே பேயாக வந்து, தன்னைக் கொன்றது யார் என்று கேட்கிறாள். பள்ளி விடுமுறையில் கிள்ளான் மண்டபத்தில் படத்தைத் திரையிட, 'எல்லா வயதினரும் பார்க்கலாம்' என்ற எங்கள் சான்று தேவை. சான்று இல்லையென்றால் மண்டபம் இல்லை.

விளக்கை அணைக்காமல், சத்தத்தைக் குறைத்து, கறிபாப் பலகாரம் சகிதம் குழு துணிச்சலாகப் படம் பார்த்தது.

உறுப்பினர் கௌசல்யா தான் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவத்தை வாசித்தார். "பேய் பதினாலு தடவை வருது. பதினாலு தடவையும் தலைவிரி கோலம். என் மக பார்த்தா நாளைக்கே சடை போட மாட்டேன்னுவா லா."

விரைவில் 'டத்தோ' பட்டம் பெறவிருக்கும் தலைவர் சபாபதி கவலைப்பட்டார். "தம்பி, இந்தப் பேய் ஏன் இவ்வளவு கோபமா பேசுது? மரியாதையா கேட்கலாமே?"

"அவளைக் கொன்னுட்டாங்க, அங்கிள்."

"இருக்கட்டும் லா. அதுக்காகக் கட்டின புருஷன் முன்னால விரல் நீட்டிப் பேசறதா?"

பிரவின் என்னைப் பார்த்தார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"சரி அங்கிள். மூனு சீன்ல அவன் பெல்ட்டால அடிக்கிறானே, அதைப் பத்தி ஒன்னுமே எழுதலையே?"

கௌசல்யா படிவத்தைப் புரட்டினார். 'வன்முறை' என்ற தலைப்பின் கீழ் கத்தி, துப்பாக்கி, வெடிகுண்டு இருந்தன. பெல்ட் இல்லை. "அதை நான் 'குடும்பக் காட்சி'ன்னு போட்டுட்டேன்."

"அது வீட்டு விஷயம் தம்பி," என்றார் தலைவர். "பிள்ளைங்க பார்க்காததா? பயப்படாதுங்க. பேயை மட்டும் எடுத்துடுங்க."

"பேயை எடுத்துட்டா படம் என்ன ஆகும், அங்கிள்?"

"குடும்பப் படம் ஆகும்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எழுதியது நான். கை தூக்கியதும் நான். பிரவினுக்கு மண்டபம் வேண்டும். பதினாலு காட்சிகளையும் வெட்டிக் கொடுத்தார்.

கிள்ளானில் முந்நூறு குடும்பங்கள் பார்த்தன. மாபெரும் வெற்றி! ஒரு குழந்தைகூட அழவில்லை. திரையில் அவன் அடித்தான். அவள் செத்தாள். வழுக்கி விழுந்தாள் என்றான். எரித்துவிட்டு வந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். படம் முடிந்தது. கை தட்டினார்கள்.

அவளைக் கொன்றது யார் என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அரங்கிலும் கேட்கவில்லை. எங்கள் வழிகாட்டுதல் அவ்வளவு துல்லியம். அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆளைத்தான் பிள்ளைகளின் நன்மைக்காக நீக்கியிருந்தோம்.