ஆனைக்கு டோக்கன் இருநூத்திப் பதினாலு

ஒரு காட்டில், அதாவது ரேஷன் கார்டு மட்டும் இன்னும் போய்ச் சேராத ஒரு காட்டில், ஒரு சிங்கம், ஒரு நரி, ஒரு குரங்கு, ஒரு ஆந்தை, ஒரு யானை, ஒரு மான் எல்லாம் இருந்துச்சு. நம்ம பக்கத்துக் காட்டுல சிங்கம் ஏதுன்னு யாரும் குறுக்கே கேக்கக் கூடாது. நீதிக்கதைன்னா சிங்கம் இருந்தாகணும். அது நான் போட்ட சட்டம் இல்லை.

அந்தக் காட்டுல ஒரு ஆறு. சித்திரை பிறந்தா ஆறு வெறும் மணலாயிடும். அப்போ எல்லாரும் ஆனையக்கான்னு கூப்பிடுற அந்த யானை, விடியுற நேரத்துல வந்து, காலால மணலைத் தள்ளி, தும்பிக்கையால வாரிப் போட்டு ஒரு ஊத்துத் தோண்டும். தன் வயிறு நிறையக் குடிச்சிட்டுப் போயிடும். அப்புறம் மத்ததுங்க ஒவ்வொண்ணா வந்து குடிக்கும். ராவோட ராவா மண்ணு சரிஞ்சு ஊத்து மூடிக்கும். மறுநாள் திரும்பவும் தோண்டணும். வருஷா வருஷம் இப்படித்தான். யாரும் ஆனையக்காவுக்கு நன்றி சொன்னதில்லை. அதுவும் எதிர்பார்த்ததில்லை.

மருதாயின்னு ஒரு மான். அது எப்பவும் கடைசி ஆளாத்தான் குடிக்கும். தாகம் இல்லாம இல்லை. குனிஞ்சு குடிக்கிறப்ப பின்னால யாரு நிக்கிறாங்களோன்னு பயம். எல்லாரும் போனப்புறம், நாலு பக்கமும் பாத்துட்டு, உச்சி வெயில்ல வந்து குடிச்சிட்டு ஓடிடும். பாவம், பயந்த பிறவி.

இப்படிப் போய்க்கிட்டிருந்த காட்டுல ஒரு பெட்டி வந்து சேந்துச்சு. காட்டைச் சுத்திப் பாக்க வந்தவங்க ஜீப்புல இருந்து குப்பாண்டிங்கிற குரங்கு அதை லவட்டிக்கிட்டு வந்துடுச்சு. வெயில் பட்டா பேசும். வெயில் போனா தூங்கிடும். எது கேட்டாலும், "அருமையான கேள்வி!"ன்னுதான் ஆரம்பிக்கும்.

சிங்கம் போய், "நான் யாரு?"ன்னு கேட்டுச்சு.

"அருமையான கேள்வி! நீங்கள் ஒரு மாபெரும் தலைவர்."

பின்னாலேயே ஒரு தவளை போய்க் கேட்டுச்சு. அதுக்கும் அதே பதில்தான். ரெண்டு பேருக்கும் அன்னிக்கு வாயெல்லாம் பல்லு. தவளைக்குப் பல்லு சரியா இருக்கான்னு எனக்குத் தெரியாது, விடுங்க.

"இவ்வளவு அறிவான பெட்டியைச் சும்மா வச்சிருக்கலாமா? ஊத்துல யாரு முதல்ல குடிக்கிறதுன்னு தினம் சண்டை. பெட்டியே டோக்கன் போடட்டும்"னுச்சு குப்பாண்டி. எல்லாரும் தலையாட்டினாங்க. போன கோடையில யார் யார் எப்பக் குடிச்சாங்கன்னு குப்பாண்டி தான் பாத்ததை எல்லாம் பெட்டிக்கு ஓதிக் குடுத்துச்சு. இங்கதான் ஒரு சங்கதி. குப்பாண்டி எந்திரிக்கிறதே வெயில் சுள்ளுன்னு அடிச்சப்புறம். அதுக்குள்ள ஆனையக்கா தோண்டிட்டு, குடிச்சிட்டுப் போயிருக்கும். அதனால பெட்டியோட கணக்குல யானைன்னு ஒரு உருப்படியே கிடையாது. தண்ணி தானா ஊறுது. மான் எப்பவும் கடைசியில வருது, அதனால மானுக்குத் தாகம் குறைவு. பெட்டிக்கு இவ்வளவுதான் புரிஞ்சுச்சு. பெட்டியைச் சொல்லிக் குத்தமில்லை. தூங்குமூஞ்சி சொல்லிக்குடுத்த பாடம் அது.

அப்புறம் ஒரு பெரிய பிரச்சினை வந்துச்சு. பெட்டி தப்பு பண்ணினா நிறுத்துறதுக்குத் தனியா கழட்டி எடுக்குற மாதிரி ஒரு பொத்தான் உண்டு. அது யார் கையில இருக்கணும்?

"நான்தானே ராஜா?"ன்னுச்சு சிங்கம்.

"அதனாலதான் வேண்டாங்கிறோம் ராஜா"ன்னு எல்லாரும் பணிவாச் சொன்னாங்க.

"அப்போ நான்?"னுச்சு, இதுக்குன்னு போட்ட குழுவுக்குத் தலைவரான நரி. இதைக் கேட்டு காட்டுப்பன்னி விழுந்து விழுந்து சிரிச்சுச்சு.

மூணு நாள் பேசினாங்க. கடைசியில, ஊத்துப் பக்கமே வராத, யார்கிட்டயும் வாங்கித் தின்னாத, நடுநிலையான ஒருத்தர்கிட்ட குடுக்கலாம்னு முடிவாச்சு. விழியப்பன்கிற ஆந்தை கிடைச்சுச்சு. பெரிய கண்ணு, நல்ல மரியாதை. பொத்தானை அது இருந்த மரப்பொந்துல வச்சு மாலை போட்டாங்க. பெட்டி முழிச்சிருக்கிறப்ப ஆந்தை தூங்கும். ஆந்தை முழிச்சிருக்கிறப்ப பெட்டி தூங்கும். ரெண்டுக்கும் ஒரு நாளும் சண்டையே வரலை. குழு அதை முழுக் கட்டுப்பாடுன்னு எழுதி வச்சுக்கிச்சு.

அந்த வாரம் மருதாயி குட்டி போட்டுச்சு. சின்னதா, காலு நாலும் நாலு திசைக்குப் போற குட்டி. குட்டிக்குப் பால் வேணும்னா தாய்க்குத் தண்ணி வேணும். மருதாயிக்குக் கிடைச்ச டோக்கன் இருநூத்திப் பதிமூணு. முன்னெல்லாம் உச்சி வெயிலுக்குள்ள எல்லாரும் குடிச்சு முடிச்சிருவாங்க. இப்ப ஒவ்வொருத்தரும் முகத்தைக் காட்டி, காலைப் பதிச்சப்புறம் பெட்டி அடையாளம் கண்டுபிடிக்கணும். பொழுது சாயுறப்ப எண் தொண்ணூறுலயே நிக்கும், பெட்டி தூங்கிடும். மறுநாள் புதுசா டோக்கன். மருதாயி திரும்பவும் கடைசி. இருட்டினப்புறம் திருட்டுத்தனமா குடிக்கலாம்னா ஊத்தோரம் சிறுத்தை உக்காந்திருக்கும். அதுக்கு டோக்கன் தேவையில்லை.

ரெண்டு நாளாச்சு. குட்டி மடியை முட்டி முட்டிப் பாத்துச்சு. மடி வத்திப் போச்சு. எப்பவும் கடைசியில நிக்கிற அந்த மான், முதல் தடவையா வரிசையைத் தாண்டி முன்னால போய் நின்னுச்சு.

"அண்ணே, குட்டிக்குப் பால் இல்லைண்ணே. ஒரு வாய் தண்ணி."

"என் கையில என்னம்மா இருக்கு? பெட்டியைக் கேளு"ன்னுச்சு குப்பாண்டி.

"அருமையான கேள்வி! பதிவின்படி தங்களுக்குத் தாகம் குறைவு. தங்கள் தாகம் எங்களுக்கு மிகவும் முக்கியம். வரிசையில் காத்திருக்கவும்."

"பெட்டி தப்பாச் சொன்னா?"

"ஆந்தை ஐயா பொத்தானை அமுக்கணும். போய் எழுப்பிப் பாரு."

மருதாயி மரத்தடிக்குப் போய், "ஐயா, ஐயா"ன்னு அரை மணி நேரம் கூப்பிட்டுச்சு. ஆந்தை ஒத்தைக் கண்ணைத் திறந்துச்சு. வெயில்ல ஒண்ணும் தெரியலை.

"யாரது? சாயங்காலம் வா."

"சாயங்காலம் பெட்டி தூங்கிடும் ஐயா. அமுக்கி என்ன பிரயோஜனம்?"

"அப்போ காலையில வா."

"காலையில நீங்க தூங்கிடுவீங்களே ஐயா."

ஆந்தை கொஞ்சம் யோசிச்சுச்சு. "அட ஆமா! நல்லாத்தான் யோசிச்சு வச்சிருக்காங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பவும் தூங்கிடுச்சு.

மறுநாள் மருதாயி குட்டியை நெட்டித் தள்ளிக்கிட்டு வரிசைக்கு வந்துச்சு. குட்டியால நிக்க முடியலை. மணல்ல சுருண்டு படுத்துக்கிச்சு. அன்னிக்குப் பாத்து ஆனையக்காவுக்கு வேலை முடியலை. தண்ணி ரொம்பக் கீழ போயிடுச்சு, தோண்டத் தோண்ட வெயிலேறிப் போச்சு. பெட்டி முழிச்சுக்கிச்சு, குப்பாண்டியும் வந்தாச்சு. கடைசியா ஒரு வாரு வாரினதுல தண்ணி குபுக்குன்னு வந்துச்சு. ஆனையக்கா தும்பிக்கையை உள்ள விட்டுச்சு.

"டோக்கன் எங்க?"ன்னுச்சு குப்பாண்டி.

"என்னடா டோக்கன்? தோண்டினது நான்டா."

குப்பாண்டி பெட்டியைப் பாத்துச்சு. "பதிவின்படி இங்கே தண்ணீர் தானாக ஊறுகிறது. யானை என்ற விலங்கு பதிவில் இல்லை. புதிய விண்ணப்பதாரருக்கு நல்வரவு. தங்கள் டோக்கன் எண் இருநூற்றுப் பதினான்கு."

கண்ணு முன்னால மலை மாதிரி நிக்கிறதை இல்லைங்குது பெட்டி. வரிசையில நின்ன யாராவது ஒருத்தர், அட அறிவுகெட்டதே, தோண்டினதே அதுதானேன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா தன் டோக்கன் என்னாகுமோன்னு பயம். எல்லாரும் ஆகாசத்தைப் பாத்தாங்க.

ஆனையக்கா கோவிச்சுக்கலை. மிதிச்சா பெட்டி அப்பளம்தான். ஆனா அது மிதிக்கலை. "சரி, நீங்க குடிங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு, மணலைத் தட்டிவிட்டு, ஆத்தோட மேல்பக்கமா நடந்துச்சு. போறப்ப சுருண்டு கிடந்த குட்டியைப் பாத்துச்சு.

"புள்ள, உன் குட்டியா? கூட வா. மேல தோண்டித் தரேன்."

"வரிசையை விட்டு விலகினால் டோக்கன் ரத்தாகும்"னு பெட்டி எச்சரிச்சுச்சு.

மருதாயி பொறந்ததுல இருந்து எல்லாரும் போற வழியை விட்டு ஒரு அடி தள்ளிப் போனதில்லை. டோக்கனைப் பாத்துச்சு. குட்டியைப் பாத்துச்சு. டோக்கனைக் கீழ போட்டுட்டுக் கிளம்பிடுச்சு. குட்டியை ஆனையக்கா தும்பிக்கையில தூக்கிக்கிச்சு.

ரெண்டு வளைவு தாண்டி ஆனையக்கா தோண்டுச்சு. தண்ணி வந்ததும் ஒதுங்கி நின்னு, "முதல்ல நீ குடி"ன்னுச்சு. அங்க இருந்ததே மூணு பேர்தான், அப்பவும் மருதாயி பழக்கத்துல பின்னால போய் நின்னுக்கிச்சு. ஆனையக்கா தும்பிக்கையால முதுகுல ஒரு தள்ளு தள்ளுச்சு. அப்புறம்தான் குடிச்சுச்சு. மூச்சு விடாம குடிச்சுச்சு. பின்னால யாரு நிக்கிறாங்கன்னு அன்னிக்கு ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலை.

பொழுது சாயுறதுக்குள்ள மடியில பால் இறங்குச்சு. குட்டி வால் ஆட ஆடக் குடிச்சுச்சு. மருதாயிக்குச் சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு.

இங்க பழைய ஊத்து என்னாச்சு? அன்னிக்குத் தோண்டினது ரொம்ப ஆழம், மத்தியானத்துக்குள்ளயே கரை சரிஞ்சு மூடிக்கிச்சு. திரும்ப வாரிப் போட ஆளில்லை. ஆனா பெட்டி நிக்கலை. "எண் நாற்பத்தொன்று, குடிக்கவும். திருப்தி என்றால் காலைத் தூக்கவும்." நாப்பத்தொண்ணு நம்ம காட்டுப்பன்னி. ஈர மணலை நக்கிட்டு நின்னப்ப எறும்பு கடிச்சு, காலைத் தூக்கிடுச்சு. பெட்டி அதை நூறு சதவீதத் திருப்தின்னு பதிஞ்சுக்கிச்சு.

நரி அவசரக் கூட்டம் போட்டுச்சு. "பொத்தான் என்கிட்ட இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"ன்னுச்சு சிங்கம். "கூட்டுப் பொறுப்புல ஆளுக்கு ஒரு நாள் வச்சுக்கலாம், முதல் நாள் நான்"னுச்சு நரி. சரி, உன்னை யாருதான் கட்டுப்படுத்தணும்னு பெட்டியையே கேட்டாங்க. "அருமையான கேள்வி! இதற்கென ஒரு குழு அமைக்கலாம்"னுச்சு பெட்டி. ஆகா, என்ன அறிவுன்னு எல்லாரும் வறண்ட நாக்கால பாராட்டினாங்க.

அந்த நேரம் பாத்து மருதாயி ஓடி வந்துச்சு. வயிறு நிறைஞ்சாலும் அதுக்கு மனசு கேக்கலை. "மேல ரெண்டாவது வளைவுல ஆனையக்கா தோண்டியிருக்கு. நிறையத் தண்ணி. எல்லாரும் வாங்க!"

"உன் டோக்கன் எங்கம்மா?"ன்னுச்சு நரி.

"அதைப் போட்டுட்டேன்."

"டோக்கன் இல்லாதவங்க பேச்சைக் கூட்டத்துல எப்படிம்மா எடுத்துக்கிறது? இரு, பெட்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"மான் தாகம் குறைந்த விலங்கு. தண்ணீரைப் பற்றி அது தரும் தகவல் நம்பத்தக்கதல்ல. மேலும், யானை என்று எதுவும் இல்லை."

மருதாயியோட வாய் ஈரத்துல இருந்து தண்ணி சொட்டி மணல்ல விழுந்துச்சு. வரிசையில நின்னவங்க அத்தனை பேரும் அந்தச் சொட்டைப் பாத்தாங்க. அப்புறம் பெட்டியைப் பாத்தாங்க. யாரும் நகரலை.

"அட போங்கய்யா!"ன்னுச்சு மருதாயி. குட்டி அங்க தனியா இருக்குமேன்னு வந்த வழியே ஓடிடுச்சு. கூட்டம் தொடர்ந்து நடந்துச்சு.

நீதி: அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை ஊற்று மூடிய பிறகும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் மட்டும் தயவுசெய்து குறுக்கே பேச வேண்டாம்.